மூன்றாவது பாட்டில் ஒரு மணி

ஒவ்வொருத்தருக்கும் உடம்பில் ஏதாவது ஒரு உறுப்பு கொஞ்சம் கூடுதலாக வேலை செய்யும். சிலருக்கு வாய், சிலருக்கு வயிறு. இந்த லிஃப்ட் மெக்கானிக்குக்குக் காது. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் கீழே நின்றபடியே, உச்சியில் மோட்டார் அறையில் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். மற்றவர்கள் நம்பாமல் மூச்சு வாங்க மேலே ஏறிப் பார்த்தால் அதேதான் தேய்ந்திருக்கும். கூட வேலை பார்க்கிறவர்கள் அவருக்குப் பாம்புக்காது என்று பேர் வைத்தார்கள். பாம்புக்கு வெளியே தெரிகிற மாதிரி காதே கிடையாது என்று அறிவியல் புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். பேர் வைத்தவர்கள் யாரும் அந்தப் பாடம் நடந்த அன்றைக்கு வகுப்பில் இல்லை.

அந்தக் காதோடு முப்பத்தோரு வருஷம் குடித்தனம் நடத்தியவள் அவர் மனைவி. அவளுக்குக் கண்ணாடிக்கடையில் வேலை. மூக்கில் ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டி, வட்டக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப தெரியுதா, இப்ப?" என்று கேட்கிற வேலை. அவள் அனுபவத்தில் ஒருத்தர்கூட "என் கண்ணு மங்கிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டு கடைக்கு வந்ததில்லை. பேப்பரில் எழுத்தைச் சின்னதாக்கிவிட்டார்கள் என்பார்கள். பஸ்ஸில் நம்பரை மங்கலாக எழுதுகிறார்கள் என்பார்கள். ஒரு தையல்காரம்மா, இப்போதெல்லாம் ஊசி செய்கிறவர்கள் ஓட்டை போடவே மறந்துவிடுகிறார்கள் என்று சத்தியம் செய்தாள். இவள் யாரோடும் வாதாட மாட்டாள். சரியான கண்ணாடியைப் போட்டு, நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிவிடுவாள். மீதியைத் தெரு சொல்லிவிடும்.

வீட்டு முன்னறை அவருடைய ராஜ்ஜியம். ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் வாசலுக்குப் பதித்தது போக மிஞ்சிய கல் பலகை ஒன்றைத் தூக்கிவந்து, அதன் மேல் ரெக்கார்டு பிளேயரை வைத்திருந்தார். இரண்டு பக்கமும் ஸ்பீக்கர்கள், வந்துவிட்டுப் போக மறந்த விருந்தாளிகள் மாதிரி நின்றன. ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தின் கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைக்க இரண்டு குமிழ்கள் உண்டு. வாங்கிய அன்றைக்கே இரண்டின் மேலும் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார். பாடினவர் பாடினபடி கேட்க வேண்டுமாம். குமிழைத் திருகுவது, விருந்துக்குப் போன வீட்டில் உப்புச் சரியில்லை என்று அடுப்படிக்குள் நுழைகிற மாதிரியாம்.

அவர்கள் சேர்ந்து வாங்கிய முதல் பொருளே ஒரு ரெக்கார்டுதான். கல்யாணமான புதிதில் கட்டிலுக்கு என்று எடுத்துவைத்த காசில் பிளேயரும் அந்த ஒரு ரெக்கார்டும் வந்தன. பார்க்க வந்த அவள் அம்மா ஒற்றை அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை இதில் படுப்பாரா என்று மட்டும் கேட்டாள். ஒரு பெண் குரல், ஆறு பாட்டு. மூன்றாவது பாட்டில் இரண்டாவது அடி முடிகிற இடத்தில், பின்னால் எங்கேயோ யாரோ ஒரு சின்ன மணியை ஒரே ஒரு தடவை தட்டுவார்கள். யார் தட்டியது என்று அட்டையில் போட்டிருக்காது. அந்த மணி முதலில் அவளுக்குக் கேட்கவில்லை. அவர் விடவில்லை. தரையில் பக்கத்தில் உட்காரவைத்து, ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து, பதினோரு தடவை போட்டார். பதினோராவது தடவை கேட்டது. தட்டில் ஒரு கடுகு உருண்ட மாதிரி. "கேட்டுச்சு" என்று அவள் சொன்னபோது, அவர் ஏதோ தானே அந்த மணியைச் செய்து கொடுத்த மாதிரி சிரித்தார். அப்புறம் அவளால் கேட்காமல் இருக்க முடிந்ததில்லை. பக்கத்து வீட்டு ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தால்கூட, கையில் இருக்கிற வேலை அந்த இடத்தில் ஒரு நொடி நிற்கும்.

மகள் இரண்டு வயதில் அந்த ரெக்கார்டின் மேல் கை வைத்தாள். ஊசி வழுக்கி ஒரு கீறல். அதிலிருந்து மணிக்குச் சரியாக முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம் சேர்ந்துகொண்டது. ரெக்கார்டுகளை எல்லோரும் பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போட்ட காலத்தில் அவரும் பாதியைப் போட்டார். அதை மட்டும் போடவில்லை. டக், மணி. டக், மணி. இருபத்தெட்டு வருஷமாக அந்த வீட்டில் பாட்டு அப்படித்தான்.

பிறகுதான் மறுபதிப்பு வந்தது.

ரெக்கார்டுக்கடைக்காரரைத் தாடி என்றுதான் கூப்பிடுவார்கள். கடையில் கூட்டம் சேருகிற வரைக்கும் சவரம் செய்வதில்லை என்று சபதம் எடுத்த மாதிரி ஒரு தாடி. அவர் போன் செய்து, உங்க ரெக்கார்டைத் திரும்பப் போட்டிருக்கிறார்கள், மூல நாடாவிலிருந்தே எடுத்தது, நூற்றெண்பது கிராம் கனம், அட்டை கதவு மாதிரி இருக்கிறது என்றார். விலையைக் கேட்டு வீடே இரண்டாகப் பிரிந்தது. வெளியூரில் வேலை பார்க்கிற மகள், அதே ஆறு பாட்டும் போனில் சும்மாவே கிடைக்கிறதே அப்பா என்றாள். போனில் கேட்பது சாப்பாட்டை போட்டோவில் பார்க்கிற மாதிரி என்றார் அவர். வீட்டில் இருக்கிற பாட்டை எதற்குத் திரும்பக் காசு கொடுத்து வாங்கணும் என்று மனைவியும் கேட்டாள். பழையது தேய்ந்துவிட்டது, மணி நாளுக்கு நாள் மங்குகிறது என்றார். இரண்டு வாரம் சரி, வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு சனிக்கிழமை தோள்பையில் அதோடு வந்து நின்றார்.

கை கழுவித் துடைத்து, குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி ரெக்கார்டை வைத்தார். ஊசி இறங்கியதே தெரியவில்லை. பொரிகிற சத்தம் இல்லை, இரைச்சல் இல்லை. சட்டென்று அந்தப் பெண் முன்னறையில் வந்து நின்று பாடினாள். அவள் மூச்சு எடுப்பதைக்கூட முதல் தடவையாகக் கேட்டாள் கண்ணாடிக்கடைக்காரி. கொடுத்த காசுக்குத் தகும் போலிருக்கிறதே என்று நினைத்தாள். மூன்றாவது பாட்டு வந்தது. இரண்டாவது அடி முடிந்தது. மணி கேட்டது. கடுகு இல்லை இப்போது. துடைத்த வெள்ளிக்காசு கல்லில் விழுந்த மாதிரி பளிச்சென்று. சிரித்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பினாள்.

அவர் இன்னும் முன்னால் குனிந்து காத்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. "மணி எங்க?" என்றார். திரும்பப் போட்டார். மணி திரும்பக் கேட்டது. அவர் முகம் சந்தையில் பிள்ளையைத் தவறவிட்டவர் முகம் மாதிரி ஆனது. "உனக்குக் கேட்டுச்சா?"

அவள் "இல்லீங்க" என்றாள்.

அவள் பொய் சொல்லிப் பழகியவள் இல்லை. ஆனால் ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போன் அடித்தால் எடுப்பதில்லை, போன் கெட்டுவிட்டது என்பார். டீக் கெட்டில் விசில் அடிப்பதில்லை என்று புதுக் கெட்டில் வாங்கினார். இப்போது வீட்டில் இரண்டு கெட்டில்கள் மாறி மாறிக் கத்துகின்றன. கத்தரிக்கோல் தேடியபோது, கம்பெனி மருத்துவர் காது பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்த சீட்டு அவருடைய சவரப் பெட்டிக்கு அடியில் நாலாக மடித்து இருந்தது. தேதி போன மாதத்துக்கு முந்தின மாதம். கண்ணாக இருந்தால் கடையில் இருந்து ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து மாட்டியிருப்பாள். காதுக்கு அவள் கையில் ஒன்றும் இல்லை. அந்த முகத்தை அந்த நொடியில் காப்பாற்ற ஒரு 'இல்லீங்க' போதும் என்று நினைத்தாள்.

ஒரு பொய் தனியாக வந்து தனியாகப் போனதாகச் சரித்திரம் இல்லை. அவர் ரெக்கார்டு கம்பெனிக்கு மூன்று பக்கத்தில் புகார் எழுதினார். கடைசி வரி, 'என் மனைவியும் கேட்டு உறுதி செய்திருக்கிறார்.' கீழே கோடு போட்டு அவளிடம் பேனாவை நீட்டினார். அவளும் போட்டாள் கையெழுத்து. கம்பெனிக்காரர்கள் மரியாதையாக இன்னொரு பிரதி அனுப்பினார்கள். அதிலும் அவருக்கு மணி இல்லை. அழுக்கைத் துடைக்கிறேன் பேர்வழி என்று கம்ப்யூட்டரில் போட்டு மணியையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள் என்று தீர்மானித்தார். வேலை பார்க்கிற இடத்தில் சொன்னார். தாடியிடம் சொன்னார். வேறு யாரும் குறை சொல்லவில்லையே என்று தாடி இழுத்ததும், அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் கூடிப் பாட்டுக் கேட்பார்கள். ஒவ்வொருத்தரும் காதை நகை மாதிரி அணிந்துகொண்டு வருகிறவர்கள். வருகிற ஞாயிறு பழையதையும் புதியதையும் அங்கே போட்டு நிரூபிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். "நீயும் வா. நீதான் சாட்சி."

அன்றிலிருந்து அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை பற்றியே யோசனை. பத்துப் பேருக்கும் மணி கேட்கும். அவர் மட்டும் இல்லை இல்லை என்று நிற்பார். பாம்புக்காது என்ற பேரை அங்கேயே உரித்து மாட்டிவிடுவார்கள். இன்னொன்று புரியவும் இல்லை. பழைய ரெக்கார்டைப் போட்டால் டக் என்றதும் அவர் முகம் மலர்கிறது. "இந்தா, இதுல இருக்கு பாரு" என்கிறார். அதில் மணி அவளுக்கே அரைகுறையாகத்தான் கேட்கிறது. அரைகுறை கேட்கிற காதுக்குப் பளிச்சென்றது எப்படிக் கேட்காமல் போகும்?

பதில் வியாழக்கிழமை கடைக்கு வந்தது. டிரைவர் வேலைக்குக் கண்பார்வைச் சான்று வேண்டும் என்று வந்த ஒருத்தர், சுவர் அட்டையின் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பித்தார். அவள் அட்டையைத் திருப்பி மறுபக்கத்தைக் காட்டினாள். அதற்கும் முன்பக்கத்து எழுத்துகளையே ஒப்பித்தார். வரிசையில் நிற்கும்போதே மனப்பாடம் செய்திருக்கிறார். அவரை அனுப்பிவிட்டு அட்டையைத் திரும்ப மாட்டும்போது, பழைய ரெக்கார்டின் 'டக்' அவளுக்கு நினைவு வந்தது.

அன்று சாயங்காலம், இன்னொரு தடவை புதியதைக் கேட்டுப் பார்ப்போம் என்று அவளே சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் பிளேயர் பக்கத்தில் நின்றாள். இரண்டாவது அடி முடிகிற இடத்தில், மணிக்கு ஒரு இமைப்பொழுது முன்னால், கல் பலகையில் விரல் நகத்தால் தட்டினாள். டக்.

அவர் சிரித்தார். கண் மூடியபடியே, முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து சிரித்த அதே சிரிப்பு. "வந்துச்சு" என்றார்.

அப்புறம் சிரிப்பு மெதுவாக நின்றது. கண்ணைத் திறந்தார்.

"புது ரெக்கார்டுல ஏது கீறல்?" என்றார். "அது ஸ்பீக்கர்லேருந்து வரல. கல்லுலேருந்து வந்துச்சு. நீ தட்டினியா?"

"ஆமாங்க."

"கல்லைத் தட்டினா ரெக்கார்டுல எப்படி மணி வரும்?"

அவள் தட்டிய விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். "மணி எப்பவும் இருந்துச்சுங்க. முத நாளே இருந்துச்சு. பளிச்சுன்னு. நான்தான் இல்லன்னு சொன்னேன்."

அவர் திட்டுவார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"கையெழுத்து வேற போட்டியே" என்றார்.

எழுந்து போய் ஆம்ப்ளிஃபயரில் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் கிளறினார். பழைய பசை சுலபத்தில் வரவில்லை. உரித்துப் போட்டுவிட்டு, கூர்மைக் குமிழைக் கடைசி வரைக்கும் திருகினார். பாட்டை முதலிலிருந்து போட்டு, ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு மண்டியிட்டார். அவளுக்குத் தகரக் கூரையில் ஆணி கொட்டுகிற மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மணி வந்துபோனது. "ம்" என்றார். கேட்டுவிட்டுத்தான் 'ம்' சொன்னாரா, கேட்காமலே சொன்னாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

மண்டியிட்டபடியே ஸ்பீக்கரைப் பார்த்துப் பேசினார். போன வாரம் ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் முன்ன மாதிரி இல்லை, ஏதோ சத்தம் வருகிறது என்று குடியிருப்பவர்கள் புகார் சொன்னார்களாம். இவர் போய் நின்று கேட்டுவிட்டு, ஒன்றும் இல்லை, உங்களுக்குத்தான் பிரமை என்று சொல்லிவிட்டு வந்தாராம். எட்டு மாடி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுகிற லிஃப்ட். சொல்லி முடித்ததும் போனை எடுத்துக் கூட்டாளியைக் கூப்பிட்டார். இன்றைக்கே அதிர்வு பார்க்கிற மீட்டரை எடுத்துக்கொண்டு போ, அதுவரைக்கும் லிஃப்டை நிறுத்தி வை என்றார். நீங்கள்தானே பார்த்தீர்கள், பாம்புக்காது பார்த்ததற்கு அப்புறம் மீட்டர் எதற்கு என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும்.

"இல்லப்பா. எனக்குக் காது கேக்கல" என்றார்.

அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். ஒரு மணி நேரத்தில் போன் வந்தது. அவள் எடுத்து அவரிடம் சொன்னாள். பேரிங் தேய ஆரம்பித்திருக்கிறது, நாளைக்கு மாற்றிவிடலாம், பயப்படும்படி ஒன்றும் இல்லை. அவர் தலையை ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை போகவேண்டாம் என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். போனார். அவளையும் கூட்டிக்கொண்டு போனார். பத்துப் பேர் முன்னால் நின்று, மணி இருக்கிறது, என் காதுதான் இல்லை, கம்பெனிக்காரர்கள்மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒருத்தர் பக்கென்று சிரித்துவிட்டு, இருமுகிற மாதிரி நடித்தார். அப்புறம் ஒரு வழுக்கைத்தலைக்காரர், எனக்கும் இடது காது இரண்டு வருஷமாகச் சரியில்லை, இடது ஸ்பீக்கரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன் என்றார். இன்னொருத்தர் தன் ஊசியை மூன்று தடவை மாற்றிய கதையை எடுத்தார். தாடிக்கு முகம் வாடியது. இத்தனை பேருக்குக் காது போனால் கடை என்ன ஆகிறது.

"அப்ப இந்த மறுபதிப்பு வாங்கலாமா கூடாதா? அதைச் சொல்லுங்க அண்ணே" என்றார்.

அவர் யோசித்தார். கேள்வி எதுவானாலும் யோசிக்காமல் சொல்கிற ஆள் இல்லை. "புதுசு நல்லாத்தான் இருக்கு. இவ சொல்றா, பாடுறவங்க மூச்சு விடறதுகூடக் கேக்குதாம். புதுசு இவளுக்கு. எனக்குப் பழசு போதும். அதுல எம் பொண்ணு கை வெச்ச எடம் இருக்கு. அந்த எடம் வந்தா மீதி எனக்குத் தன்னால கேக்கும்."

கம்பெனிக்கு இன்னொரு கடிதம் எழுதினார். இந்தத் தடவை இரண்டே வரி. இரண்டாவது பிரதியைத் திருப்பி அனுப்புகிறேன், மன்னிக்கவும். கீழே கோடு போட்டு மறுபடி அவளிடம் பேனாவை நீட்டினார். அவள் முறைத்துக்கொண்டே போட்டாள்.

சவரப் பெட்டிக்கு அடியில் இருந்த சீட்டுக்கு அடுத்த வாரம் வேலை வந்தது. பரிசோதனை செய்த பெண் காகிதத்தில் ஒரு கோடு காட்டினாள். பாதி வரை நேராகப் போய், அப்புறம் படியில் உருண்ட மாதிரி இறங்கிய கோடு. இரண்டு காதுக்கும் கருவி வேண்டும் என்றாள். மற்றவர்கள் இந்த இடத்தில் அழுவார்களோ என்னவோ, அவர் பேப்பர் பேனா எடுத்தார். எந்த எல்லை வரைக்கும் சத்தத்தை எடுக்கும், உள்ளே இரைச்சல் எவ்வளவு, எல்லாமே டிஜிட்டல்தானா, அனலாக்கில் ஒன்றும் இல்லையா என்று வரிசையாகக் கேட்டார். கருவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கழற்றினார். முதலாவது தகரம், இரண்டாவதில் உயிர் இல்லை, மூன்றாவது பரவாயில்லை ஆனால் தூரம் தெரியவில்லை என்றார். நாலாவது காதில் இருந்தபோது அந்தப் பெண் அவளைப் பார்த்து, சார் என்ன வேலை பார்க்கிறார் என்று மெதுவாகக் கேட்டாள். மெதுவாகக் கேட்டும் அவருக்குக் கேட்டுவிட்டது. அந்த நாலாவதையே வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் டீ போட்டாள். ரெக்கார்டு பக்கம் அவர் போகவில்லை, அவளும் போகச் சொல்லவில்லை. எதிர் எதிரே உட்கார்ந்தார்கள். அவர் சட்டைக் கையைத் தேய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். பேப்பரைப் புரட்டிக் கேட்டார். ஜன்னல் திரை ஆடுவதை, யார் பேசுகிறார்கள் என்கிற மாதிரி திரும்பிப் பார்த்தார். அவள் டீயை ஒரு வாய் உறிஞ்சினாள். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"நீ எப்பவுமே இவ்வளவு சத்தமாவா டீ குடிப்ப?"

"முப்பத்தோரு வருஷமா" என்றாள் அவள்.

"எங்க, இன்னொரு வாய் குடி" என்றார்.